ஓரம் கிழித்த சீட்டு

செருப்புகளை எண்ணாமல் அவர் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருநாளும் கிளம்பியதில்லை.

ரத்தப் பரிசோதனை அறைக்குள் வருகிறவர்கள் வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் அவர் ஐந்தாறு பெண்களை அழைத்துக்கொண்டு வருவார். பெண்கள் உள்ளே வருவார்கள். அவர் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வாசல் சுவரில் ஒரு தோளைச் சாய்த்து நிற்பார். பக்கத்திலேயே பெஞ்சு உண்டு, உட்கார மாட்டார். ஒவ்வொருத்தியாக வெளியே போய்ச் செருப்பை மாட்டும்போது அவருடைய உதடுகள் அசையும். கடைசி ஜோடியும் போன பிறகு தரையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தன் செருப்பைத் தேடுவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கேட்டேன். "எதுக்குங்க எண்றீங்க? தொலைஞ்சு போறதுக்கு அவங்க என்ன குழந்தைங்களா?"

"எங்கப்பா தங்கச் சொரங்கத்துல ஷாஃப்ட் குழி மேல நின்னு கேஜ் கூண்டுல ஆள் ஏத்தி எறக்கற வேல பாத்தாரு மேடம். எத்தினி பேரு கீழ எறங்கனாங்களோ அத்தினி பேரு மேல வந்தாத்தான் வூட்டுக்கு வருவாரு. ஒரு ஆளு கொறஞ்சாலும் அங்கியே நிப்பாரு. சோறு ஆறிப் போயி கெடக்கும்."

"இது சுரங்கமா?"

"உள்ள வரப்போ எங்க புள்ளைங்க மூஞ்சப் பாருங்க மேடம். அப்புறம் சொல்லுங்க."

நான் முகத்தைப் பார்ப்பதில்லை. ஊசி ஏற்ற நரம்பு எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

பெண்கள் அவரை 'மேஸ்திரி' என்று கேலி செய்வார்கள். "சீக்கிரம் வாங்கடி, மேஸ்திரி ஆள் எண்ண ஆரம்பிச்சிட்டாங்க" என்று உள்ளிருந்து ஒருத்தி சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்காமல், "எண்ணிக்கையில சேராதவளுக்கு பிஸ்கட் கெடையாது" என்பார்.

ஐம்பதை நெருங்கியவர். நல்ல உயரம். வெளிர் நிறத்தில்தான் புடவை கட்டுவார், தோளில் இரண்டு ஊக்கு குத்தியிருப்பார். கையில் ஜவுளிக்கடைத் துணிப்பை ஒன்று இருக்கும். அதில் இருந்தவை எனக்கு மனப்பாடம்: தண்ணீர் பாட்டில், ரத்தம் எடுத்தால் மயங்குகிறவர்களுக்கு பிஸ்கட், சீட்டுகள் போட்ட பிளாஸ்டிக் உறை, ஒரு சீப்பு. சீப்பு எதற்கென்று நெடுநாள் தெரியவில்லை. டாக்டர் அறைக்குள் அனுப்புமுன் ஒவ்வொருத்தியின் முன்முடியையும் சீவிவிடுவார். "தல கலஞ்சிருந்தா நம்மகிட்ட பேசற பேச்சே வேற மாரி வரும்" என்பார். யாராவது நடுங்கினால் பாட்டிலை நீட்டுவார். "மொதல்ல தண்ணி குடி. அப்புறமா பயப்படலாம்."

அவரும் ஒருகாலத்தில் அந்தப் பெண்களைப் போலப் பாலியல் தொழிலில் இருந்தவர்தான். பிறகு, அந்தத் தொழிலில் இருக்கும் பெண்களின் உடல்நலத்துக்காக நடக்கும் ஒரு திட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்திருந்தார். சாம்பியன் ரீப்ஸ் சுரங்க லைன் வீடுகள், பஜார், பேத்தமங்களா பக்கத்து ஊர்கள் என்று நடந்து நடந்து ஆள் பிடிப்பார். அந்தப் பெண்களில் பலர் பெங்களூரில் ஹவுஸ்கீப்பிங் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுக் காலை ரயில் ஏறுகிறவர்கள். ஆஸ்பத்திரி என்றாலே, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அதனால் சீட்டில் பெயர் இருக்காது, திட்டம் கொடுத்த எண் மட்டும் இருக்கும்.

ஸ்கேனுக்கு மட்டும் பெயர் வேண்டும், கணவர் பெயரும் வேண்டும். ஒருமுறை ஸ்கேன் பதிவேட்டைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. ஒரே ஆள் ஏழு பெண்களுக்குக் கணவராக இருந்தார். அந்தப் பெண்களை அழைத்து வந்த அவரிடமே கேட்டேன்.

"அது எங்கப்பா பேரு மேடம். புருசன் பேரு கேட்டா இத்த சொல்லுங்கடின்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன். செத்து ரொம்ப வருசமாச்சி, கோச்சுக்க மாட்டாரு."

"ஏழு பேருக்குமா?"

"கேஜ்ல அதுக்கும் மேல ஏத்துவாரு."

சிரித்துவிட்டேன். பதிவேட்டைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு நான் செய்த நல்லது என்று யோசித்துப் பார்த்தால் அது ஒன்றுதான் தேறுகிறது.

எங்கள் வீடும் சாம்பியன் ரீப்ஸில்தான். சேர்ந்த இரண்டாவது மாதம் அம்மாவோடு பஜாருக்குப் போயிருந்தபோது அவர் எதிரே வந்தார். சிரிக்கலாமா வேண்டாமா என்று நான் முடிவெடுப்பதற்குள், சுவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுக் கடந்துபோனார். அடுத்த செவ்வாய் வாசலில் நின்றபடியே சொன்னார்: "வெளிய பாத்தா தெரியாத மாரி போய்டுங்க மேடம். நானும் போய்டுவேன். உங்களுக்கும் நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு இருக்குது."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். சொன்னேனே தவிர, எனக்குள் வந்தது நிம்மதி. பஜாரில் அன்றே அம்மா கேட்டிருந்தாள், "இன்னாடி, அவ உன்ன ஒரு மாரி பாத்தாளே, தெரிஞ்சவளா?" என்று. யாரென்றே தெரியாது என்று சொல்லியிருந்தேன்.

நான் பட்டியல் போடுகிறவள். டிப்ளமோ படிக்கும்போதே அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே அறைச் சுவரில் மூன்று பட்டியல்கள் ஒட்டினேன்: காலையில் செய்ய வேண்டியவை, மாதிரிகளை வாங்கும்போது பார்க்க வேண்டியவை, வாங்காமல் திருப்ப வேண்டியவை. "நீ வந்தப்புறம் செவுரே தெரியலம்மா" என்று மூத்த டெக்னீஷியன் சொன்னார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

யாருடைய ரத்தமானாலும் அதில் தொற்று இருக்கிறது என்று எண்ணியே கையாள வேண்டும் என்பது முதலாண்டின் முதல் பாடம். பரீட்சையில் அதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனாலும் திட்டத்துப் பெண்களுக்கு மட்டும் இரண்டு கையுறை போட்டேன். அவர்களுடைய குழாய்களைத் தனியாக வைத்தேன். எது அவர்களுடையது என்று பார்த்த உடனே தெரிவதற்காக, என் நான்கு நிறப் பேனாவில் பச்சையை அழுத்தி, சீட்டின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டேன். வேலை வேகமாக நடக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடக்கவும் நடந்தது. யாரும் போடச் சொல்லவில்லை. முழுக்க என் யோசனை.

அந்தச் சீட்டு என் அறையோடு நிற்பதில்லை. கவுன்டரில் வாங்கும் அதே சீட்டுதான் ரத்தம் எடுத்த பிறகு டாக்டர் அறைக்கும், ஸ்கேனுக்கும், மருந்து கொடுக்கும் இடத்துக்கும் போய்விட்டு, டாக்டர் எடுத்துக் கொடுக்கும் மாதிரிகளோடு மறுபடி என்னிடம் வரும். ஒரு மாதத்துக்குள் ஆஸ்பத்திரி முழுவதும் வட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டது. "பச்சையா? அப்பிடி ஓரமா நில்லும்மா" என்று ஸ்கேன் அறை ஆயா சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். கட்டிலின் விரிப்பை உருவிவிட்டு, "உன் துப்பட்டாவ போட்டு படுத்துக்கோ" என்று சொன்னதையும் கேட்டிருக்கிறேன். மருந்து கொடுப்பவர் மாத்திரை அட்டையை அவர்கள் கையில் வைக்காமல் மேலேயிருந்து போட ஆரம்பித்தார். இதெல்லாம் அவரவர் குணம் என்று நினைத்துக்கொண்டேன். வட்டத்தோடு சேர்த்து நினைத்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

ஒருநாள் அவர் ஒரு சீட்டை வெளிச்சத்தில் பிடித்துக் கேட்டார். "இது இன்னா மேடம், மூலையில?"

"கம்ப்யூட்டருக்கு" என்றேன்.

என் அறையில் அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. அவர் அறையை மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார். மைக்ரோஸ்கோப், ரத்தம் சுழற்றும் இயந்திரம், ஃப்ரிட்ஜ். "ஓ, கம்ப்யூட்டருக்கா" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் மஞ்சள் துப்பட்டா போட்ட ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். நான்காவது மாதம். இந்தக் குழந்தை வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தாள். இரண்டு செவ்வாய்க்கிழமை அவளைக் கடைசியில் நிற்க வைத்து, பிறகு நேரம் முடிந்துவிட்டது என்று ஸ்கேன் எடுக்காமலே அனுப்பினார்கள். மூன்றாவது செவ்வாய் எடுத்துவிட்டார்கள். அன்று அவர் என் வாசலில் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன். "வரிசையிலியே கூப்ட்டாங்க மேடம். பேரு சொல்லிக் கூப்ட்டாங்க."

மஞ்சள் துப்பட்டாக்காரி என்னிடம் நீட்டிய சீட்டில் வலது மேல் மூலை இல்லை.

அதற்கப்புறம் மூலை இல்லாத சீட்டுகள் நிறைய வந்தன. படிக்காதவர்கள், காகிதத்தின் மதிப்புத் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். திருப்ப வேண்டியவை பட்டியலில் அதுவரை மூன்று விதிகள் இருந்தன: எண் இல்லாதது, கசிந்தது, உறைந்தது. நான்காவதாகச் சேர்த்தேன்: கிழிந்த சீட்டோடு வருவது. கன்னடத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டினேன்.

அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பார். விரலை வைத்து அதைப் படித்து முடித்துவிட்டு, "சரி மேடம்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு பெண்ணுக்காகவும் கவுன்டரில் இரண்டு முறை நின்றார். கிழிந்த சீட்டு மற்ற அறைகளுக்கு, கிழியாத சீட்டு எனக்கு. ஐந்து பெண்கள் வந்தால் பத்து முறை. கால் வீங்கிப்போயிருக்கும். ஏன் இப்படி அலைகிறார் என்று நான் கேட்கவில்லை. விதி ஒழுங்காக நடக்கிறது என்பதில் எனக்குத் திருப்தி.

வேறொன்று கேட்டிருக்கிறேன். கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு எத்தனையோ பேரை இழுத்துக்கொண்டு வந்தவர், தனக்கு ஒருமுறையும் செய்துகொண்டதில்லை. "நீங்க ஏன் பாத்துக்கல?"

"நானு உள்ள போய்ட்டா செருப்ப யாரு மேடம் எண்றது?"

அவர் தனியாக வந்தது ஒரு வியாழக்கிழமை. காலையில் ரத்தம் எடுத்தேன். எடுத்து முடித்ததும் என் கை தானாகப் பச்சையை அழுத்தி அவர் சீட்டிலும் வட்டம் போட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டை வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார்.

மதியம் ஒன்றரைக்குத் திரும்பி வந்தார். டாக்டர் எடுத்துக் கொடுத்த கண்ணாடித் தகடு ஒரு சின்னப் பெட்டியில் இருந்தது. கருப்பை வாயிலிருந்து எடுத்த மாதிரி. அதை மறுநாள் காலை வண்டியில் கோலாருக்கு அனுப்ப வேண்டும். மாதவிடாய் நின்று மூன்று வருடத்துக்குப் பிறகு, நான்கு மாதமாக ரத்தப்போக்கு என்று டாக்டர் எழுதியிருந்தார். சீட்டின் மூலை இல்லை.

"சீட்டு கிழிஞ்சிருக்குங்க."

"தெரியும் மேடம். ரெண்டாவது சீட்டுக்கு நிக்க இன்னிக்கி ஆளு இல்ல. கவுன்டரும் மூடிட்டாங்க."

"கிழிஞ்சது வாங்க முடியாது. ரூல் இருக்கு." சுவரைக் காட்டினேன்.

"இது எனக்கு மேடம்."

"யாருக்கா இருந்தாலும் ரூல் ஒண்ணுதான்."

அவர் பட்டியலைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார். மூத்த டெக்னீஷியனும் அட்டெண்டரும் அறையில் இருந்தார்கள். "அந்த மூலையிலதான் மேடம் உங்க வட்டம் இருந்துச்சி. ஒரே நாளு ரெண்டு புள்ளைங்கள அனுப்பிப் பாத்தேன். வட்டம் இருந்தவ கடைசி வரிக்கும் ஒக்காந்துகினு இருந்தா. மூலைய கிழிச்சிகினு போனவள வரிசையில கூப்ட்டாங்க. அதுக்கப்புறந்தான் எல்லாருக்கும் கிழிச்சேன். கம்ப்யூட்டருக்கு வேணும்னு சொன்னீங்க. கம்ப்யூட்டரு ஒண்ணியும் கோச்சுக்கல."

அட்டெண்டர் சிரித்துவிட்டார். மூத்தவர் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குப் புதுச் சீட்டோட வாங்க" என்றேன்.

கவுன்டர்க்காரர் மூடிய கண்ணாடிக்குப் பின்னால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் மேசையிலிருந்து முப்பது அடி இருக்கும். நான் போய்க் கேட்டிருந்தால் ஒரு சீட்டு கொடுத்திருப்பார். நான் எழவில்லை. அந்தத் தகட்டை வாங்கினால், வட்டம் என்னுடையது என்று மூன்று பேர் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று எனக்குப் பட்டது.

பெட்டியை மேசைமேலேயே வைத்துவிட்டு வெளியே போனார். பழக்கத்தில் தரையைப் பார்த்தார். ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. மாட்டிக்கொண்டு நடந்தார்.

நாலு மணிவரை காத்திருந்தேன், எப்படியாவது சீட்டோடு வந்துவிடுவார் என்று. திருப்பிய மாதிரியை நாலு மணிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும் என் பட்டியலில் இருந்ததுதான். தகட்டைக் கண்ணாடிக் கழிவு டப்பாவில் போட்டேன். பதிவேட்டில் எண், நேரம், காரணம் நான்கு என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்த வரியும் நன்றாகவே இருந்தது.

அடுத்த செவ்வாய் அவர் வந்தார். ஐந்து பெண்கள், துணிப்பை, சீப்பு. எதுவும் மாறவில்லை. எல்லோரும் உள்ளே இருக்கும்போது நான் வாசலுக்குப் போய் மெதுவாகக் கேட்டேன். "உங்க டெஸ்ட்?"

"அது ஆச்சி மேடம். கோலார்லியே போயி குடுத்துட்டேன்."

"ரிசல்ட்?"

"ஒண்ணியும் இல்லன்னாங்க." கண் செருப்புகளின் மேலேயே இருந்தது.

நம்பினேன். ஒரு தாள் காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம். எந்தத் தாளையும் பார்க்காமல் எதையும் ஏற்காதவள், அந்த ஒரு முறை வாய்வார்த்தையை ஏற்றுக்கொண்டேன்.

நான்காவது விதியை அந்த வாரமே கிழித்துப் போட்டிருந்தேன். வட்டம் போடுவதையும் நிறுத்தியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து, சீட்டுகள் கவுன்டரிலிருந்து வரும்போதே மூலையில் பச்சை வட்டத்தோடு வந்தன. போய்க் கேட்டேன்.

"உங்களுக்குத்தான் மேடம் ஈஸி" என்றார் கவுன்டர்க்காரர். புதிதாக ஒரு பச்சைப் பேனா வாங்கி வைத்திருந்தார். "ரொம்ப நாளா இருக்கற வழக்கந்தான?"

ரொம்ப நாள் என்பது பதினோரு மாதம். அதைத் தொடங்கியது நான்தான் என்று சொல்லவில்லை. போடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். வட்டம் வந்துகொண்டுதான் இருந்தது. மேஸ்திரியும் கிழித்துக்கொண்டுதான் இருந்தார்.

சில மாதங்களில் அவர் வருவது நின்றது. பெண்களை அழைத்து வர வேறொருவர் வந்தார். அவர் பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்ப்பார். பழையவர் எங்கே என்று கேட்டேன். உடம்பு சரியில்லை என்று சொன்னார். மேற்கொண்டு கேட்கவில்லை.

இப்போது நான் பெங்களூரில் ஒரு பெரிய லேபில் இருக்கிறேன். தினமும் காலை ரயிலில் போய் வருகிறேன். அங்கே நிஜமாகவே எல்லாம் கம்ப்யூட்டர்தான். குழாயில் கோடு கோடாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். யாருடைய ரத்தம் என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் சாம்பியன் ரீப்ஸ் பிளாட்பாரத்தில் அவரைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். தலையைச் சுற்றி ஒரு கம்பளித் துணி. பக்கத்தில் இடுப்பில் இரண்டு வயதுப் பெண்குழந்தையோடு நின்றவள் என்னை அடையாளம் கண்டு வந்தாள். மஞ்சள் துப்பட்டாக்காரி.

"லேப் மேடம்தான? அக்காவுக்கு பெங்களூர்ல கரண்டு வெக்கறாங்க."

கரண்டு வைப்பது என்றால் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு. உடம்பில் எங்கே என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ரெண்டு வருசம் முன்னாடி வந்திருந்தா கருப்பைய எடுத்துட்டு வூட்டுக்கு அனுப்பிச்சிருப்போம்னாங்க. இப்போ பாக்கலாம்னுதான் சொல்றாங்க. பாருங்க மேடம், எங்கள எல்லாம் தள்ளிக்கினு வந்து டெஸ்ட் எடுக்க வெச்சிட்டு, இவங்க மட்டும் எடுக்கவே இல்ல." குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "நான்தான் தெனமும் கூடப் போறேன். அவங்க உள்ள போனா அவங்க செருப்பப் பாத்துகினு வாசல்ல நிப்பேன்."

அவர் கோலாரில் கொடுக்கவே இல்லை என்பதும், அவளிடம் அந்த வியாழக்கிழமையைச் சொல்லவேயில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நானும் சொல்லவில்லை. நேராக அவரிடம் நடந்தேன். "அக்கா" என்றேன். அதற்கு முன்னால் ஒருமுறையும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவர் என்னைப் பார்ப்பதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்தார். எங்கள் லைனைச் சேர்ந்த இரண்டு பேர் டிபன் பையோடு சற்றுத் தள்ளி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க வேற யாரயோ நெனச்சிட்டீங்க, மேடம்" என்று அவர்களுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, சுவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

ரயில் வந்தது. அவர்கள் பெண்கள் பெட்டியில் ஏறினார்கள். நான் இரண்டு பெட்டி தள்ளிப் போய் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும், அன்றைக்குப் பஜாரில் வந்த அதே நிம்மதி எனக்கு வந்தது.